புயல் போய்விட்டது, ஆபத்து போகவில்லை!

காற்று ஓய்ந்த பிறகு வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது என்ன?

2011-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 30-ந் தேதி. வெள்ளிக்கிழமை.

பொழுது விடியும் நேரத்தில் "தானே" என்ற புயல் கடலூரை ஒட்டிக் கரை ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு 140 கிலோ மீட்டர் வரை இருந்தது.

கடற்கரையில் இருந்து நெய்வேலி சுமார் 30 கிலோ மீட்டர் உள்ளே இருக்கிறது. "இவ்வளவு தூரம் புயல் வருமா?" என்று நினைக்கத் தோன்றும்.

வந்தது! நெய்வேலி நகரியத்தில் சாலையின் இரு பக்கமும் நிழல் தந்து நின்ற மரங்கள் வேரோடு சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் படுத்துவிட்டன. ஆயிரக்கணக்கான மின்சாரக் கம்பங்கள் முறிந்தன.

நெய்வேலி மின்சாரம் பிறக்கும் ஊர். இங்கே பழுப்பு நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரம் பல மாநிலங்களில் விளக்கு ஏற்றுகிறது. ஆனால் அந்தப் புயலுக்குப் பிறகு சுற்றியுள்ள கிராமங்கள் பல நாட்கள் இருட்டில் கிடந்தன.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சேர்த்து 40 பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள்.

புயல் அடிக்கும்போது எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறோம். கதவைச் சாத்திக்கொண்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். காற்று நின்றதும் ஜாக்கிரதையும் போய்விடுகிறது. அப்போதுதான் கம்பியை மிதிக்கிறோம். கூரையில் ஏறுகிறோம். நனைந்த சுவர் ஓரம் படுக்கிறோம்.

காற்று கொல்லாதவரை அவசரம் கொல்லும். இதை மறக்கக் கூடாது.

ஒரு வீடு

ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்வோம்.

நெய்வேலிக்கு வெளியே ஒரு கிராமம். கணவன் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். சிமெண்டு ஷீட் போட்ட வீடு. பின்பக்கம் மண் சுவர் வைத்த சமையல் கட்டு. கொல்லையில் ஒரு பலா மரம்.

விடிந்து பார்த்தால் இரண்டு ஷீட்டைக் காணோம். பலா மரம் வேலி மேல் சாய்ந்து கிடக்கிறது. சமையல் கட்டில் அரிசி மூட்டை நனைகிறது.

"தார்ப்பாயை எடு. மேலே ஏறிக் கட்டிவிடுகிறேன்" என்கிறான் கணவன்.

"கொஞ்சம் இருங்க. அரிசி போனால் வேறே அரிசி வாங்கலாம்" என்கிறாள் மனைவி.

"ஏறாதே அப்பா. அவள் சொல்வதைக் கேள்" என்கிறாள் தாய்.

யார் சொல்வது சரி? பெண்கள் சொல்வதுதான் சரி. ஏன் என்று பார்ப்போம்.

காற்று நின்றது உண்மைதானா?

புயலுக்கு நடுவே "கண்" என்று ஓர் இடம் உண்டு. அது நம் ஊருக்கு மேல் வரும்போது காற்று திடீர் என்று அடங்கிவிடும். வானம்கூட வெளுக்கும். "புயல் போய்விட்டது" என்று வெளியே வந்தால் ஆபத்து! கண் நகர்ந்ததும் காற்று எதிர்ப்பக்கத்தில் இருந்து மறுபடி அடிக்கும். முதல் காற்றில் ஆடி நின்ற மரமும் சுவரும் இரண்டாவது காற்றில் விழும்.

ஆகையால், "புயல் கரையைக் கடந்துவிட்டது" என்று வானொலியிலோ டெலிவிஷனிலோ அதிகாரிகள் அறிவித்த பிறகே வெளியே வாருங்கள். முகாமில் தங்கி இருப்பவர்கள் அதிகாரிகள் சொல்லும் வரை வீடு திரும்ப வேண்டாம்.

கம்பியைத் தொடாதீர்கள்

வெளியே வந்ததும் முதலில் தரையைப் பாருங்கள்.

அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா, இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. "ஊரே இருட்டாக இருக்கிறதே, இதில் ஏது கரண்டு?" என்று நினைக்காதீர்கள். எந்த நேரத்திலும் மின்சாரம் வரலாம். கம்பி தேங்கிய தண்ணீரில் கிடந்தால் அந்தத் தண்ணீரில் கால் வைப்பதும் ஆபத்து. மரத்தின் மேல் கம்பி கிடந்தால் அந்த மரத்தையும் தொடக் கூடாது.

பிள்ளைகளையும் மாடு கன்றுகளையும் விலக்கிக் கட்டுங்கள். மின்வாரியத்தின் "மின்னகம்" எண் 94987 94987. அதற்குச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், ஈரக் காலோடு மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். காய்ந்த இடத்தில் நின்று அணைக்க முடிந்தால் மட்டும் அணையுங்கள். முடியாவிட்டால் மின்வாரிய ஊழியர் வரட்டும். நனைந்த சுவிட்ச் பலகை, மின்விசிறி, மோட்டார் இவற்றை ஓர் எலெக்ட்ரீசியன் பார்க்காமல் ஓட்டக் கூடாது.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை வீட்டு வயரிங்கோடு நேராக இணைக்காதீர்கள். உங்கள் மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், கம்பத்தில் வேலை செய்கிறவரைக் கொன்றுவிடும். "தானே" புயலுக்குப் பிறகு வெளி மாவட்டங்களில் இருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். அவர்களுக்கும் பெண்டு பிள்ளைகள் உண்டு. ஜெனரேட்டரை வீட்டுக்கு வெளியேதான் வைக்க வேண்டும். அதன் புகையில் வாசனை இல்லாத விஷ வாயு இருக்கிறது. மூடிய அறையில் தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே இறந்துவிடுவார்கள்.

உள்ளே போகும் முன்

வீட்டை ஒரு முறை வெளியே சுற்றி வாருங்கள். சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா? ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக வெடிப்பு ஓடுகிறதா? நேற்று வரை எளிதாகத் திறந்த கதவு இன்று மாட்டிக்கொள்கிறதா? இவை எல்லாம் சுவரோ கூரையோ இடம் பெயர்ந்ததற்கு அடையாளம். உள்ளே போகாதீர்கள். ஒரு கொத்தனாரோ என்ஜினீயரோ பார்க்கட்டும்.

மெல்லிய வெடிப்பாக இருந்தால் ஒரு வழி உண்டு. அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சில நாளில் வெடிப்பு கோட்டைத் தாண்டி வளர்ந்தால், சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

கதவைத் திறந்ததும் கியாஸ் நாற்றம் அடித்தால் தீக்குச்சி கிழிக்காதீர்கள். எந்தச் சுவிட்சையும் தட்டாதீர்கள். ஜன்னல்களைத் திறந்து, சிலிண்டரை மூடி, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். கியாஸ் கசிவுக்கான அவசர எண் 1906. வெளியே வந்து பேசுங்கள்.

மண் சுவர் ஏமாற்றும்

மழை பெய்யும்போது நின்ற மண் சுவர், மழை விட்ட பிறகு விழும். இது பலருக்குத் தெரிவதில்லை.

சுவரின் அடிப்பாகம் தண்ணீரைக் குடித்து ஊறிப் போயிருக்கும். மேல்பாகத்தின் பாரத்தை அதனால் தாங்க முடியாது. வெயில் அடித்தது என்று நாம் உள்ளே போய்ப் படுப்போம். நடு இரவில் சுவர் சாயும். மழைக் காலத்தில் "சுவர் இடிந்து சாவு" என்று பத்திரிகையில் வருகிறதே, அந்தச் செய்திகளில் பல தூங்குகிறவர்களின் கதைதான்.

ஆகவே, ஊறிய சுவர் நன்றாகக் காயும் வரை அதன் ஓரத்தில் யாரும் படுக்கக் கூடாது. கிழவர்களையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்திலோ உறவினர் வீட்டிலோ சில நாட்கள் தங்கவிடுங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

கூரையில் ஏறாதீர்கள்!

இப்போது நம் கணவன் கதைக்கு வருவோம்.

சிமெண்டு ஷீட் பார்க்கக் கெட்டியாக இருக்கும். ஆனால் ஆள் பாரத்தைத் தாங்காது. புயலில் அடிபட்டு, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கால் வைத்ததும் உடையும். ஆள் நேராகத் தரையில் விழுவான். ஈரமாக இருந்தால் வழுக்கும்.

மழையும் காற்றும் முழுதும் நிற்கட்டும். பகல் வெளிச்சத்தில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு ஏறுங்கள். ஷீட்டின் மேல் கால் வைக்காமல், இரண்டு சட்டங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள். முடிந்தால் பழக்கம் உள்ள ஆளையே கூப்பிடுங்கள்.

பழைய ஷீட்டுகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்து நோய் தரும். உடைந்த ஷீட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து எடுங்கள். இரம்பம் போட்டு அறுக்காதீர்கள். துடைப்பத்தால் வறட்டுப் பெருக்கு வேண்டாம்.

சாய்ந்த மரமும் சும்மா கிடக்காது

விழுந்த மரத்தின் கிளை வில்லைப் போல வளைந்து நிற்கும். ஓரிடத்தில் வெட்டியதும் சட்டென்று நிமிர்ந்து அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் தலையை வெட்டினால், அடிமரம் தானாக எழுந்து குழிக்குள் உட்காரும். அந்தக் குழியில் பிள்ளைகள் விளையாடக் கூடாது. வீட்டின் மேல் சாய்ந்த மரத்தை நீங்களே வெட்டாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

பலாவும் முந்திரியும் இந்தப் பக்கத்து மக்களுக்கு வெறும் மரம் அல்ல. பெண்ணின் கல்யாணத்துக்கும் பையனின் படிப்புக்கும் பணம் தரும் பெட்டி. தோப்பு விழுந்தால் அதையும் கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலைத் துறையிடமும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். 2024-ம் ஆண்டு ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் எக்டேருக்கு ரூ.22,500 நிவாரணம் என்று தமிழக அரசு அறிவித்தது.

முதலில் படம், பிறகு துடைப்பம்

உயிருக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்ததும், வீட்டுப் பெண்கள் செய்யும் முதல் வேலை பெருக்குவது. நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு நிமிடம் பொறுங்கள்!

துடைப்பத்தை எடுப்பதற்கு முன் செல்போனை எடுங்கள். வீட்டை நான்கு பக்கமும் படம் பிடியுங்கள். போன கூரை, விழுந்த சுவர், நனைந்த நெல், உடைந்த பீரோ எல்லாவற்றையும் எடுங்கள். தண்ணீர் ஏறிய உயரம் சுவரில் கோடாகத் தெரியும். அதையும் எடுங்கள். வீட்டு எண்ணோ, வாசலோ ஒரு படத்தில் தெரியட்டும். பிறகு ஒரு நோட்டில் பொருள்களின் பட்டியல் எழுதுங்கள். எழுதத் தடுமாறினால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும்.

எதற்கு இது?

கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் கணக்கு எடுக்க வருவார்கள். அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும். நீங்கள் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு, "இங்கே சுவர் இருந்தது ஐயா" என்று சொன்னால் எப்படி நம்புவார்கள்?

2022 முதல் 2026 வரைக்கும் என்று மத்திய அரசு வகுத்த விதியைப் பாருங்கள். சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு ரூ.1,20,000. ஒரு பகுதி இடிந்த கெட்டி வீட்டுக்கு ரூ.6,500. ஒரு பகுதி இடிந்த மண் வீட்டுக்கு ரூ.4,000. ஆனால் பகுதிச் சேதம் குறைந்தது 15 சதவீதமாவது இருக்க வேண்டும். 15 சதவீதம் இடிந்தது என்பதை எப்படிக் காட்டுவது? படம்தான் காட்டும்!

ஃபெஞ்சல் புயலில் சேதம் அடைந்த குடிசைக்கு ரூ.10,000 தரப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. "தானே" புயலுக்குப் பிறகு, குடிசை இழந்தவர்களுக்குக் கான்கிரீட் வீடு கட்டும் திட்டம் வந்தது. தொகை புயலுக்குப் புயல் மாறும். திட்டத்தின் பெயரும் மாறும். பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறாது.

கணக்கு எடுக்க வரும் நாளில் வீட்டில் ஒருவர் இருங்கள். குடும்ப அட்டை, ஆதார், பாங்குக் கணக்குப் புத்தகம் இவற்றின் நகல் தயாராக இருக்கட்டும். விட்டுப் போனால் தாசில்தாரிடம் எழுத்து மூலமாக மனு கொடுத்து, அதற்கு ரசீது வாங்குங்கள். கலெக்டர் அலுவலகத்துப் பேரிடர் எண் 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070.

நகரியத்தில் கம்பெனிக் குடியிருப்பில் இருப்பவர்கள் நிலைமை வேறு. வீடு உங்களுடையது அல்ல, நிர்வாகத்துடையது. சேதத்தை நகரிய நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். நீங்களே வயரை மாற்றுவதும் சுவரைக் கொத்துவதும் வேண்டாம். ஆனால் உள்ளே இருக்கும் சாமான்கள் உங்களுடையவை. அவற்றுக்கு உங்களிடம்தான் படமும் பட்டியலும் இருக்க வேண்டும்.

இன்சூரன்சு இருக்கிறதா?

"எங்களுக்கு ஏது இன்சூரன்சு?" என்று சொல்லாதீர்கள். பாங்கில் கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் பலருக்கு, கடனோடு சேர்த்து வீட்டுக்கும் இன்சூரன்சு போடப்பட்டிருக்கும். கடன் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். அல்லது பாங்கில் கேளுங்கள். 2021-ம் ஆண்டு ஏப்ரல் முதல் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற வீட்டு இன்சூரன்சு இருக்கிறது. புயல், வெள்ளம் இரண்டுக்கும் அதில் இழப்பீடு உண்டு.

இன்சூரன்சு இருந்தால் உடனே கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். "சர்வேயர்" என்பவர் வந்து பார்ப்பார். அவர் வரும் வரை உடைந்த சாமான்களை எறியாதீர்கள். மழை உள்ளே வராமல் தார்ப்பாய் கட்டுவது போன்ற அவசர வேலைகளைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். அதற்கு ஆன செலவின் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நனைந்த பத்திரம்

வீட்டுப் பத்திரம் நனைந்துவிட்டால் பதறி வெயிலில் போடாதீர்கள். தாள் முறுகிப் போகும். ஒட்டிக்கொண்ட பக்கத்தைப் பிரித்தால் கிழியும். நிழலில், காற்றாட, துணியின் மேல் பரப்பி மெதுவாக உலர்த்துங்கள்.

அடியோடு போய்விட்டதா? அழ வேண்டாம். பதிவு செய்த பத்திரத்தின் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். பட்டாவின் நகலும் எடுக்கலாம். அரசாங்கத்தின் ஏட்டில் உங்கள் வீடு இருக்கிறது.

கிணறு, பாம்பு, ஆணி

வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. சுகாதார ஊழியரைக் கொண்டு பிளீச்சிங் பவுடர் போடுங்கள். அதுவரை தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள்.

இடிபாடுகளுக்குள் பாம்பும் தேளும் ஒதுங்கியிருக்கும். வெறுங் கையை உள்ளே விடாதீர்கள். கம்பால் தட்டிவிட்டு எடுங்கள். காலில் செருப்பு இருக்கட்டும். துருப்பிடித்த ஆணி குத்தினால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் 108-க்குப் போன் செய்யுங்கள், மந்திரிக்கப் போகாதீர்கள்.

மறுபடி கட்டும்போது

காற்று கூரையைத் தள்ளுவதில்லை, தூக்குகிறது! காற்றில் குடை மேல்நோக்கி மடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். கூரையின் ஓரத்தில்தான் காற்று முதலில் கை வைக்கிறது. ஜன்னலோ கதவோ உடைந்து காற்று உள்ளே புகுந்தால், கீழே இருந்தும் தள்ளும்.

ஆகவே, பழையபடியே கட்டாதீர்கள். ஷீட்டின் ஓரங்களில் கொக்கி ஆணிகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். ஓரத்தில் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை வைத்து இறுக்குங்கள். சட்டங்களைச் சுவரோடு இரும்பால் பிணையுங்கள். தாழ்வாரத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்டாதீர்கள். கீற்றுக் கூரைக்கு மேலே கயிற்று வலை போட்டு, முனைகளைத் தரையில் முளை அடித்துக் கட்டுங்கள்.

சுவர் நன்றாகக் காயும் முன் பூச்சும் வெள்ளையும் வேண்டாம், உரிந்துவிடும். ஊர் பேர் தெரியாத ஆளிடம் முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். வேலை நடக்க நடக்கக் கொடுங்கள்.

அந்த வீட்டில்...

நம் கதையில் கணவன் என்ன செய்தான்?

தார்ப்பாயைக் கீழே வைத்தான். தாயையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான். கொல்லையில் கிடந்த கம்பியைப் பற்றி மின்வாரியத்துக்குச் சொன்னான். மகள் செல்போனில் படம் எடுத்தாள். மகன் பட்டியல் எழுதினான். மறுநாள் வெயில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஏணி பிடிக்க, பலகை போட்டு ஏறித் தார்ப்பாய் கட்டினான்.

அரை மூட்டை அரிசி வீணாயிற்று. பலா மரம் போயிற்று. அது பெரிய நஷ்டம்தான்.

அன்று இரவு பள்ளிக்கூடத் திண்ணையில் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மனைவி இலைகளை எண்ணினாள்.

ஐந்தும் இருந்தன.